முழங்கால் சில்லு விலகிய பிள்ளை: கட்டு அவிழ்த்த பிறகுதான் வேலை தொடங்குகிறது

கிளிவெட்டி போன்ற ஊர்களில் 'காயம்' என்ற சொல்லுக்குத் தனியான ஓர் அளவுகோல் இருக்கிறது. பக்கத்திலுள்ள குமாரபுரத்தில் 1996 பெப்ரவரி 11 அன்று இருபதுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். காயத்தோடு தப்பியவர்கள் இன்றும் அந்த ஊரில் இருக்கிறார்கள். 2006 இல் சம்பூர்ப் பக்கத்திலிருந்து ஷெல் வீச்சுக்கு மத்தியில் வெளியேறிய குடும்பங்கள், பின்னர் கிளிவெட்டி இடைத்தங்கல் முகாமில் ஆண்டுக்கணக்கில் தகரக் கொட்டில்களுக்குள் வாழ்ந்தன. கால் இழந்தவர்களையும், சன்னத்தோடு நடமாடுபவர்களையும் பார்த்துப் பழகிய பெற்றோருக்கு, விளையாட்டு மைதானத்தில் பிள்ளையின் முழங்கால் சில்லு விலகியது பெரிய விடயமாகத் தெரிவதில்லை. "இரத்தம் வரவில்லை, எலும்பு முறியவில்லை, இரண்டு நாளில் சரியாகிவிடும்" என்று ஆறுதல் சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விடுகிறார்கள்.

வீக்கம் வற்றியதும் பிள்ளை நடக்கத் தொடங்குவது உண்மைதான். ஆனால் சரியாகப் பராமரிக்கப்படாத முழங்கால், ஆறு மாதம் கழித்து வரம்பில் இறங்கும்போதோ பஸ்ஸில் ஏறும்போதோ மறுபடியும் விலகலாம். ஒவ்வொரு முறை விலகும்போதும் உள்ளேயிருக்கும் குருத்தெலும்பு தேயவோ பெயரவோ வாய்ப்பிருக்கிறது. வயல் வேலையையும் கடலையும் நம்பி வாழும் ஒரு பிரதேசத்தில், முப்பது வயதுக்குள் முழங்கால் தேய்ந்துபோவது என்பது உழைப்பை இழப்பதுதான். அதனால்தான் இந்தச் 'சின்னக் காயம்' பற்றி விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

சில்லு எப்படி விலகுகிறது?

முழங்காலின் முன்னால் கையில் தட்டுப்படும் வட்டமான எலும்பையே முழங்கால் சில்லு என்கிறோம். சிலர் சிரட்டை என்பார்கள். அது தொடையின் முன்பக்கத் தசையின் நாருக்குள் பொதிந்திருக்கும் எலும்பு. தொடை எலும்பின் கீழ் நுனியில் வாய்க்கால் போன்ற ஒரு பள்ளம் உண்டு. காலை மடக்கி நீட்டும்போது சில்லு அந்தப் பள்ளத்தில் ஏறி இறங்குகிறது. கப்பியில் கயிறு ஓடுவதைப் போல, தொடைத் தசையின் இழுவையைக் கீழ்க்காலுக்குக் கடத்துவதற்கு இது உதவுகிறது.

கால் முழுமையாக நீண்டிருக்கும்போதும் சற்றே மடங்கியிருக்கும்போதும் சில்லு இன்னும் பள்ளத்துக்குள் ஆழமாக இறங்கியிருக்காது. அந்த நிலையில் அதை வெளிப்பக்கம் நழுவ விடாமல் பிடித்திருப்பது, முழங்காலின் உள்பக்கத்தில் சில்லையும் தொடை எலும்பையும் இணைக்கும் ஓர் இணைப்பு நார். பாதம் மண்ணில் ஊன்றியபடி நிற்க, உடல் மட்டும் சட்டென்று திரும்பினால் அந்த நாரின்மீது முழுப் பாரமும் விழுகிறது. வலைப்பந்தில் பந்தைப் பிடித்துத் திரும்பும் கணம், கபடியில் பிடியிலிருந்து விலகும் கணம், எல்லேயில் ஓடித் திசை மாற்றும் கணம் எல்லாம் இப்படிப்பட்டவைதான். நார் கிழிகிறது. சில்லு வெளிப்பக்கமாகப் பாய்கிறது. சில்லு ஏறக்குறைய எப்போதும் வெளிப்பக்கமாகவே விலகும்.

இது அதிகமாக நேர்வது 10 முதல் 17 வயதுக்கு இடைப்பட்டவர்களுக்குத்தான். எலும்பு விரைவாக வளரும் வயது அது. தசை அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்து உறுதியாகியிருக்காது. சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே அந்தப் பள்ளம் ஆழம் குறைந்ததாக இருக்கும். சிலருக்குச் சில்லு வழமையைவிட மேலே அமைந்திருக்கும். சிலருக்கு மூட்டுகள் எல்லாமே அளவுக்கு மீறி வளையும், அல்லது நிற்கும்போது முழங்கால்கள் உள்நோக்கி முட்டும். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு விலகும் வாய்ப்பு அதிகம். "கவனமில்லாமல் விளையாடியதால் வந்தது" என்று பிள்ளையைத் திட்டுவதில் நியாயமில்லை.

முதல் அரை மணித்தியாலம்

பல வேளைகளில் சில்லு விலகிய சில நொடிகளில் தானாகவே இடத்துக்குத் திரும்பிவிடும். பிள்ளை "ஏதோ கழன்று பூட்டியது போல இருந்தது" என்று சொல்லும். திரும்பாவிட்டால் முழங்காலின் வெளிப்பக்கத்தில் ஒரு மேடு தெரியும். கால் மடங்கிய நிலையில் நின்றுவிடும்.

அந்த நேரத்தில் சுற்றி நிற்பவர்கள் காலைப் பிடித்து இழுக்கவோ சில்லை அழுத்தித் தள்ளவோ கூடாது. பிள்ளையை இருக்க வைத்து முதுகுக்குச் சாய்மானம் கொடுங்கள். முழங்காலின் கீழே தலையணையோ சுருட்டிய சேலையோ வைத்துத் தாங்குங்கள். பயம் தணிந்து, பிள்ளை தானாகவே காலை மெதுவாக நீட்ட முடிந்தால், அந்த அசைவிலேயே சில்லு வழுக்கி இடத்துக்குப் போவதுண்டு. முடியாவிட்டால் கால் எந்த நிலையில் இருக்கிறதோ அதே நிலையில் தாங்கி வைத்து வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். அங்கே மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரலாம் என்பதால் வழியில் சாப்பாடு கொடுக்காமல் இருப்பது நல்லது.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும். 2016 இல் இந்திய உதவியுடன் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய இந்தச் சேவை இப்போது கிழக்கிலும் உண்டு. மோட்டார் சைக்கிளின் பின்னால் காலைத் தொங்கவிட்டு ஏற்றிச் செல்வதைவிட இது எவ்வளவோ பாதுகாப்பானது.

ஒரு விடயத்தில் மட்டும் தாமதம் கூடாது. சில்லு மட்டும் அல்லாமல், கீழ்க்காலே தொடைக்கு நேர்கோட்டில் இல்லாமல் கோணலாகத் தெரிந்தாலோ, பாதம் குளிர்ந்து வெளிறினாலோ, விரல்களில் உணர்ச்சி குறைந்தாலோ அது முழு மூட்டும் விலகிய காயமாக இருக்கலாம். முழங்காலின் பின்னால் ஓடும் இரத்தக் குழாய் அதில் சேதமடையக்கூடும். கால் தப்புவது சில மணித்தியாலங்களில் தங்கியிருக்கிறது.

இடத்துக்குத் திரும்பிவிட்டதே, பிறகு ஏன் வைத்தியசாலை?

இந்தக் கேள்வியில்தான் பல பிள்ளைகள் தவறவிடப்படுகிறார்கள். சில்லு வெளியே பாயும்போதும் திரும்ப உள்ளே வரும்போதும் தொடை எலும்பின் விளிம்பில் உரசுகிறது. அந்த உரசலில் எலும்போடு சேர்ந்த குருத்தெலும்பின் சிறு துண்டு பெயரலாம். அது மூட்டுக்குள் மிதக்கும். கதவு இடுக்கில் அகப்பட்ட கல்லைப் போல, பின்னர் ஏதோ ஒரு நாள் மூட்டை இறுக்கிப் பூட்டிவிடும். பெரிய துண்டு என்றால் காலம் தாழ்த்தாமல் சத்திரசிகிச்சை மூலம் அதைத் திரும்பப் பொருத்தவோ அகற்றவோ வேண்டும்.

விலகி ஓரிரு மணித்தியாலங்களுக்குள் முழங்கால் பெரிதாக வீங்கினால் உள்ளே இரத்தம் கசிந்திருக்கிறது என்று அர்த்தம். வீக்கம் மிகவும் இறுகியிருந்தால் வைத்தியர் ஊசி மூலம் அதை எடுப்பார். எடுத்த இரத்தத்தின்மீது எண்ணெய்த் துளிகள் மிதந்தால் உள்ளே எலும்பு உடைந்திருக்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம். எலும்பு மச்சையின் கொழுப்புத்தான் அப்படி மிதக்கிறது. எக்ஸ்ரே கட்டாயம் எடுக்கப்பட வேண்டும். ஆனால் குருத்தெலும்பு மட்டும் பெயர்ந்திருந்தால் அது எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்கள்.

எம்.ஆர்.ஐ. என்றதும் எமது மக்கள் மறக்காமல் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. அந்த இயந்திரம் மிகப் பலமான காந்தத்தால் இயங்குகிறது. உடலில் ஷெல் துண்டோ சன்னமோ இருந்தால் அது அசையவும் சூடாகவும் கூடும். கண்ணுக்கோ முள்ளந்தண்டுக்கோ அருகில் இருந்தால் ஆபத்து அதிகம். யுத்தத்தின் கடைசி ஆண்டுகளில் கைக்குழந்தையாக இருந்து காயப்பட்ட ஒரு பிள்ளை, தன் உடலில் துண்டு இருப்பதே தெரியாமல் வளர்ந்திருக்கலாம். கேட்பார்கள் என்று காத்திருக்காமல் பெற்றோரே முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். எங்கே துண்டு இருக்கிறது என்று எக்ஸ்ரே மூலம் பார்த்த பின்னர் முடிவெடுப்பார்கள்.

முறிவு நெரிவு பார்க்கும் பரியாரியார்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாதைகள் மூடப்பட்டு, மருந்து தடைபட்டிருந்த காலங்களில் பல கிராமங்களுக்கு இருந்த ஒரே துணை அவர்கள்தான். அந்த நம்பிக்கை இலகுவில் போய்விடாது. ஆனால் உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருக்கும் மூட்டை முதல் சில நாட்களில் எண்ணெய் போட்டு உருவினால் கசிவும் வீக்கமும் கூடும். துண்டு பெயர்ந்திருந்தால் அதைக் கையால் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே முதலில் எக்ஸ்ரே. அதுவரை உருவலும் சூட்டு ஒத்தடமும் வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை ஒரு தடவைக்கு 15 முதல் 20 நிமிடம் வரை வைக்கலாம். காலை உயர்த்தி வைக்கலாம்.

கட்டு ஆற்றாது, ஆறுவதற்கு இடம் கொடுக்கும்

முதல் தடவை விலகியது, துண்டு எதுவும் பெயரவில்லை என்றால் பெரும்பாலும் சத்திரசிகிச்சை தேவைப்படாது. முழங்காலுக்கு ஒரு தாங்கி அல்லது கட்டுப் போட்டு, ஊன்றுகோலுடன் அனுப்புவார்கள். முன்பு ஆறு வாரம் வரை மாக்கட்டுப் போடுவது வழக்கமாக இருந்தது. நீண்ட நாள் அசையாமல் வைத்தால் தொடைத் தசை வற்றி, மூட்டு இறுகிவிடுகிறது என்பதால் இப்போது அந்தக் காலத்தைக் குறைத்து, விரைவாக அசைவைத் தொடங்கவே விரும்புகிறார்கள்.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு பொறிமுறை இருக்கிறது. மூட்டுக்குள் நீர் கோத்திருந்தால், தொடையின் முன்பக்கத் தசைக்குப் போகும் நரம்புக் கட்டளை தானாகவே மட்டுப்படுத்தப்படுகிறது. பிள்ளை எவ்வளவு முயன்றாலும் தசை முழுப் பலத்தோடு இறுகாது. சோம்பலோ நடிப்போ அதற்குக் காரணம் அல்ல. இரண்டு வாரத்திலேயே காயப்பட்ட பக்கத் தொடை கண்ணுக்குத் தெரியும் அளவு மெலிந்துவிடும். சில்லை இனிமேல் பிடித்து வைத்திருக்க வேண்டியது அந்தத் தசைதான். அதனால், குணமாவதன் பெரும்பகுதி கட்டு அவிழ்த்த பிறகே நடக்கிறது.

பயிற்சிகள் எளிமையானவை. செலவு இல்லாதவை. எதை எப்போது தொடங்குவது என்பதை இயன்மருத்துவரே சொல்ல வேண்டும். பொதுவான போக்கு இப்படி இருக்கும்.

முதல் இரண்டு வாரங்களில்: காலை நீட்டி இருந்துகொண்டு, முழங்காலின் கீழே சுருட்டிய துவாயை வைத்து, அதைக் கீழ்நோக்கி அழுத்தித் தொடையை இறுக்க வேண்டும். ஐந்து முதல் பத்து நொடி வரை பிடித்து விட வேண்டும். ஒரு தடவைக்குப் பத்து முறை, ஒரு நாளைக்குப் பல தடவைகள். பாதத்தை மேலும் கீழும் அசைப்பதும் இதில் அடங்கும். தொடை இறுகத் தொடங்கியதும், முழங்கால் மடங்காமல் நீட்டிய காலைத் தூக்குவது.

இரண்டாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரம் வரை: குதிக்காலைப் பாயில் உரசியபடி காலைச் சிறிது சிறிதாக மடக்கி நீட்டுவது. ஊன்றுகோலைப் படிப்படியாகக் கைவிடுவது. பக்கவாட்டில் படுத்து மேல் காலை உயர்த்துவது. இது இடுப்புத் தசைக்கானது. இடுப்பு பலவீனமாக இருந்தால் ஓடும்போது தொடை உள்நோக்கித் திரும்பி, சில்லை மறுபடியும் வெளியே தள்ளும்.

ஆறாம் வாரத்துக்குப் பின்: சுவரில் சாய்ந்து அரைவாசி குந்துவது, ஒற்றைப் படியில் ஏறி இறங்குவது, ஒற்றைக் காலில் நின்று நிலை காப்பது. இருக்கையை உயர்த்திய சைக்கிள் இந்தக் கட்டத்தில் நல்ல நண்பன். எமது ஊர்களில் அதற்குப் பஞ்சமில்லை.

ஓட்டமும், அதன் பிறகு திரும்புதலும் பாய்தலும் பொதுவாக மூன்று நான்கு மாதங்களுக்குப் பின்னரே. நாட்காட்டியைப் பார்த்து விளையாட அனுப்பக் கூடாது. வீக்கம் இல்லாமல் இருக்க வேண்டும், முழுமையாக மடக்கி நீட்ட முடிய வேண்டும், ஒற்றைக் காலில் தாவும் தூரம் மற்றக் காலின் தூரத்தில் 90 சதவீதத்தையாவது எட்ட வேண்டும். இவை மூன்றும் கைகூடினால்தான் மைதானம்.

அமெரிக்கக் கால்பந்து வீரர் பற்றிக் மஹோம்ஸ் 2019 ஒக்டோபர் 17 அன்று சில்லு விலகி, நவம்பர் 10 அன்று மறுபடியும் ஆடினார். இதைக் கைபேசியில் பார்த்துவிட்டு "அவருக்கு ஒரு மாதம்கூட எடுக்கவில்லையே" என்று கேட்கும் பிள்ளைகள் உண்டு. அவர் அப்போது 24 வயதான, முழு வளர்ச்சியடைந்த தொழில்முறை வீரர். ஸ்கானில் பெரிய சேதம் இல்லை என்று உறுதிப்படுத்தப்பட்டது. நாள் முழுவதும் அவருடன் ஒரு மருத்துவக் குழு இருந்தது. பதினான்கு வயதுப் பிள்ளையின் வளரும் முழங்காலுக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது.

வீட்டிலும் பாடசாலையிலும்

முதல் வாரங்களில் ஆழமாகக் குந்துவது கடினம். வீட்டில் குந்தும் மலசலகூடம்தான் இருக்கிறது என்றால், நடுவில் ஓட்டை போட்ட கதிரை ஒன்றை அதன்மீது வைத்தால் போதும். பாயில் படுத்து எழும்பும் பிள்ளைக்குச் சில வாரங்களுக்குக் கட்டிலோ வாங்கோ கொடுங்கள். கோவிலில் சம்மணமிட்டு இருப்பது, தேவாலயத்தில் முழங்காலில் நிற்பது எல்லாம் கொஞ்சக் காலம் தள்ளிப்போகட்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது காயப்பட்ட கால் முதலில். ஊன்றுகோல் எப்போதும் காயப்பட்ட காலோடு சேர்ந்தே நகரும்.

பாடசாலைக்கு ஒரு கடிதம் கட்டாயம் போக வேண்டும். விளையாட்டுப் பயிற்சியிலிருந்து விலக்குக் கேட்பதற்கு மட்டும் அல்ல. முழங்காலில் நிறுத்தும் தண்டனை எங்கள் வகுப்பறைகளிலிருந்து இன்னும் முற்றாக ஒழியவில்லை. எந்தப் பிள்ளைக்கும் கொடுக்கக் கூடாத தண்டனை அது. சில்லு விலகி ஆறிவரும் பிள்ளைக்கு அது மறுபடியும் காயம் ஏற்படுத்துவதற்குச் சமம். இல்ல விளையாட்டுப் போட்டிக் காலத்தில் "ஒரு ஓட்டம்தானே, ஓடு" என்று கேட்கும் ஆசிரியருக்கும் அந்தக் கடிதத்தைக் காட்டலாம்.

பெண்பிள்ளைகள் விடயத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. "காலில் குறை" என்ற கதை ஊரில் பரவினால் நாளைக்குக் கல்யாணப் பேச்சில் வந்து நிற்கும் என்று அஞ்சி, சில வீடுகளில் காயத்தையே மறைத்துவிடுகிறார்கள். கிளினிக்குக்குப் போனால் நாலு பேர் பார்ப்பார்கள் என்று பயிற்சி இடையில் நிற்கிறது. நேரத்துக்குப் பராமரித்தால் பெரும்பாலும் வெளியே தெரியாமல் ஆறக்கூடிய காயம் இது. மறைத்து வைத்தால்தான் பிற்காலத்தில் நொண்ட வைக்கும்.

கால் ஆறினாலும் ஆறாத பயம்

சில்லு விலகிய பிள்ளையின் முழங்காலைப் பரிசோதிக்கும் வைத்தியர், சில்லை இலேசாக வெளிப்பக்கம் தள்ளிப் பார்ப்பார். வலிக்காவிட்டாலும் பிள்ளை சட்டென்று அவருடைய கையைப் பிடித்துவிடும். தொடை தானாக இறுகும். 'மறுபடியும் கழரப் போகிறது' என்ற அந்த அச்சமே வைத்தியருக்கு நோயறியும் அடையாளங்களில் ஒன்று. உடல் அந்தக் கணத்தை நினைவில் வைத்திருக்கிறது.

அந்த அச்சம் சில பிள்ளைகளிடம் மாதக்கணக்கில் நீடிக்கும். விளையாட மாட்டேன் என்பார்கள், படியில் கைபிடித்தே இறங்குவார்கள், சனநெரிசலான பஸ்ஸில் ஏற மறுப்பார்கள். சத்தமும் ஓட்டமும் பயமும் நினைவில் தங்கிய குடும்பங்களில், பெற்றோரின் பதற்றமும் அதோடு சேர்ந்துகொள்ளும். சில தாய்மார் பிள்ளையை வாசலுக்கு வெளியேயே விடமாட்டார்கள். சில தகப்பன்மார் "நாங்கள் பட்டதில் இது என்ன" என்று கடிந்துகொள்வார்கள். இரண்டுமே பிள்ளைக்கு உதவாது. தரையில் ஒரு கோடு போட்டு அதன்மீது தாவுவது, பிறகு இரண்டு கோடு, பிறகு மெதுவான திருப்பம், பிறகு பந்தோடு என்று சிறிய படிகளாகத் திரும்பக் கொண்டுவருவதே வழி. ஒவ்வொரு படியும் விலகாமல் கடந்துபோகும்போது உடல் புதிய நினைவொன்றைச் சேர்க்கிறது.

மறுபடியும் விலகினால்

முதல் தடவைக்குப் பின்னர் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மறுபடியும் விலகுகிறது. வளர்ச்சி முடியாத, பள்ளம் ஆழமில்லாத பிள்ளைகளில் இந்த வாய்ப்பு இன்னும் அதிகம். இரண்டாம் முறை விலகியவர்களுக்கு மூன்றாம் முறையும் நிகழ்வது சாதாரணம். ஆகவே இரண்டாம் முறை விலகினால், எலும்பு சத்திரசிகிச்சை நிபுணரிடம் சத்திரசிகிச்சை பற்றிப் பேச வேண்டும்.

பொதுவாகச் செய்யப்படுவது, கிழிந்த உள்பக்க நாருக்குப் பதிலாகத் தொடையின் பின்பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய நாரை எடுத்துப் பொருத்துவது. அந்த நாரை இழப்பதால் காலுக்குப் பெரிய குறை வராது. முழங்காலின் இருபுறமும் எலும்பு நீளும் வளர்ச்சித் தட்டுகள் இருப்பதால், வளரும் பிள்ளையில் அவற்றைத் தொடாத வகையில் செய்வார்கள். கீழ்க்கால் எலும்பின் ஒரு பகுதியை வெட்டி நகர்த்தும் சத்திரசிகிச்சையை வளர்ச்சி முடியும் வரை தள்ளிப்போடுவார்கள். விளையாட்டுக்குத் திரும்ப ஆறு முதல் ஒன்பது மாதம் வரை ஆகலாம். அதன் பிறகும் அதே துவாய், அதே தொடைப் பயிற்சிதான்.

தூரம் என்ற தடை

கிளிவெட்டியிலிருந்து மூதூர் ஆதார வைத்தியசாலைக்கோ திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ போவது முன்புபோலக் கடினமல்ல. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலமும், அதன் பின்னர் ஏ15 வீதியின் ஏனைய பாலங்களும் திறக்கப்படும் வரை படகையும் பாதையையும் நம்பியே இந்தப் பக்கத்து நோயாளர்கள் துறை கடந்தார்கள். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். ஆனால் வாரம் இருமுறை இயன்மருத்துவத்துக்குப் போக வேண்டும் என்றால் பஸ் காசு, தாயின் ஒரு நாள் கூலி, பிள்ளையின் பாடம் மூன்றும் சேர்ந்து போகின்றன. இரண்டு தடவை போய்விட்டு நிறுத்திவிடுகிறார்கள்.

இதற்கு நடைமுறையில் ஒரு வழி உண்டு. முதல் நாளிலேயே இயன்மருத்துவரிடம் நிலைமையைத் திறந்து சொல்லுங்கள். அடுத்த நான்கு வாரத்துக்கான பயிற்சிகளை வரிசையாக எழுதித் தரச் சொல்லுங்கள். பிள்ளை அவர் முன்னால் செய்வதை, அவருடைய அனுமதியோடு கைபேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். எந்த அடையாளம் தெரிந்தால் உடனே திரும்பி வர வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முழங்கால் மடங்காமல் பூட்டிக்கொள்வது, ஓய்வெடுத்தும் வீக்கம் திரும்புவது, நடக்கும்போது கால் திடீரென்று விட்டுக்கொடுப்பது ஆகியவை அந்தப் பட்டியலில் இருக்கும். கிளினிக் கொப்பியையும் எக்ஸ்ரேப் படத்தையும் பத்திரமாக வையுங்கள். இடம்பெயர்வில் எல்லா ஆவணத்தையும் தொலைத்த அனுபவம் எமக்கு இருக்கிறது. ஐந்து வருடம் கழித்து அந்தப் பிள்ளை வேறு ஊரில், வேறு வைத்தியர் முன்னால் இருக்கும்போது அந்தப் பழைய படம்தான் அவருக்கு வழிகாட்டும்.

மாதம் ஒரு முறை அளவு நாடாவால் இரண்டு தொடைகளையும் முழங்காலுக்கு மேலே ஒரே உயரத்தில் அளந்து கொப்பியில் குறித்து வையுங்கள். மெலிந்த தொடை மற்றத் தொடையின் அளவை நெருங்கி வருகிறதென்றால் பயிற்சி வேலை செய்கிறது. வித்தியாசம் அப்படியே நிற்கிறதென்றால், பஸ் காசைப் பார்க்காமல் ஒரு தடவை போய்வர வேண்டிய நேரம் அது.